எடை மெஷின் சொல்லும் இரண்டு பொய்கள்

ஜனவரி முதல் வாரத்தில் கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் பக்கமோ மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா பக்கமோ காலையில் போனால் நடப்பதற்கே இடம் கிடைக்காது. புது ஷூ, புது வாட்ச், காதில் புது இயர்போன். பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் அதே இடம் பழையபடி ஆகிவிடும், வழக்கமாக வருகிற பெரியவர்கள் மட்டும் மிச்சம். மற்றவர்களுக்கு மன உறுதி இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மன உறுதி இல்லாத ஆள் பனியில் ஐந்து மணிக்கு எழுந்து வரவே மாட்டார். பாதியில் விடுகிறவர்களில் நிறையப் பேர் எடை மெஷினை நம்பி ஏமாந்தவர்கள் என்பது என் கணிப்பு. அந்த மெஷின் முதல் இரண்டு மாதத்தில் இரண்டு தடவை பொய் சொல்லும். முதல் தடவை நமக்குச் சாதகமாக, அடுத்த தடவை பாதகமாக.

முதல் பொய் முதல் வாரத்திலேயே வந்துவிடும். சாதத்தைக் குறைத்து, சர்க்கரையை நிறுத்தி, ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டு ஏழு நாள் கழித்து ஏறி நின்றால் இரண்டு கிலோ குறைந்திருக்கும். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டத் தோன்றும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். சாப்பிடும் மாவுச்சத்தில் கொஞ்சத்தை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைத்துக்கொள்கிறது, பெரியவர்களுக்குச் சுமார் அரைக் கிலோ வரை. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாதம் குறைந்ததும் இந்தக் கையிருப்பு கரைகிறது, கூடவே அந்தத் தண்ணீரும் சிறுநீராகப் போய்விடுகிறது. அப்பளம், ஊறுகாய், மிக்சரை நிறுத்தியதால் உப்பு குறைந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் வெளியேறும்.

கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ உடல் கொழுப்பு கிட்டத்தட்ட 7,700 கலோரிக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம் (1958-ல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு பவுண்டுக்கு 3,500 கலோரி என்று எழுதினார், இன்றுவரை எல்லா ஜிம்மிலும் ஓடுவது அந்தக் கணக்குதான்). தினமும் 500 கலோரி குறைத்தால் ஒரு கிலோ கொழுப்பு கரையப் பதினைந்து நாள் ஆகும். தினம் 500 என்பதே சின்ன விஷயமில்லை. அப்படியென்றால் முதல் வாரத்தில் போன இரண்டு கிலோவில் கொழுப்பு அரைக் கிலோ இருந்தாலே நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பிரச்சினை என்னவென்றால் அந்த அரைக் கிலோவுக்கு யாரும் சந்தோஷப்படுவதில்லை, மனசு இரண்டு கிலோவைப் பிடித்துக்கொண்டுவிடுகிறது, மாதம் எட்டு கிலோ என்று கணக்குப் போட்டு சித்திரையில் அக்கா மகள் கல்யாணத்துக்கு எந்தச் சட்டை போடலாம் என்பது வரை போய்விடுகிறது.

இரண்டாவது பொய் மூன்றாவது வாரத்திலோ நான்காவது வாரத்திலோ வரும். மெஷின் அசையாது. சில சமயம் அரைக் கிலோ ஏறிக்கூட இருக்கும். அதற்குள் தண்ணீர் போக வேண்டியது போய் முடிந்திருக்கும், இனி இறங்குவது பெரும்பாலும் கொழுப்பு, அது மெதுவாகத்தான் இறங்கும். இதற்கு நடுவில் உடற்பயிற்சியை ஆரம்பித்திருந்தால் பழக்கமில்லாத தசைகள் வலித்து, வீங்கி, தாங்களும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் ஒரு கிலோ வரை ஏறி இறங்குவது சகஜம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரியாணி, அதில் இருக்கிற உப்பு, திங்கட்கிழமை காலை ஒன்றரைக் கிலோ கூடுதல். அந்த ஒன்றரைக் கிலோ கொழுப்பாக ஏற வேண்டுமென்றால் ஒரே நாளில் பதினோராயிரம் கலோரிக்கு மேல் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். யாராலும் முடியாது. ஆனால் உள்ளுக்குள் கொழுப்பு ஒழுங்காகக் கரைந்துகொண்டிருக்கிற அதே வாரத்தில், “இவ்வளவு பட்டினி கிடந்து என்ன பிரயோஜனம்” என்று ஆள் விட்டுவிடுகிறார்.

எடை குறையாமலே நல்லது நடக்கும் என்பதற்குச் சென்னையிலிருந்தே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும், இன்னொரு பிரிவினருக்குத் தினமும் நடை, உணவில் மாற்றம், அடிக்கடி விசாரிப்பு. மூன்று வருட முடிவில் முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது, நடையும் உணவும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, இரண்டாவது பிரிவினரின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. மெஷினை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இவர்கள் எல்லோருமே தோற்றுப்போனவர்கள் என்று எழுதிவிட வேண்டியதுதான்.

இதற்குக் காரணம் கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு போட்டோவுடன் சின்னக் குறிப்பு ஒன்று எழுதினார். அவரும் ஜான் யட்கின் என்ற லண்டன் மருத்துவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) அச்சு அசலாக 22.3. வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம் ஆள் உடம்பில் 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும். நம் தெருவில் யாரைப் பார்த்தாலும் இந்த அமைப்பு தெரியும். இதனால்தான் மற்றவர்களுக்கு 25, 30 என்று இருக்கும் பிஎம்ஐ எல்லை நமக்கு 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல் பருமன் என்று இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. ஆகவே வீட்டில் இருக்கவேண்டிய முதல் கருவி தையல்காரர் டேப். தொப்புள் மட்டத்தில், வயிற்றை உள்ளே இழுக்காமல், மாதத்துக்கு ஒரு தடவை. மெஷினில் ஏற வேண்டுமென்றே தோன்றினால் வாரத்துக்கு ஒரே நாள், காலையில் கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்னால். ஒற்றை எண்ணைப் பார்க்காமல் நான்கு வார எண்களைச் சேர்த்துப் பாருங்கள்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்வதையும் பார்த்துவிடலாம். பிஎம்ஐ 25-ஐத் தாண்டிய பெண்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2-லிருந்து 37. நான்கைந்து வருடத்துக்குள் இவ்வளவு ஏற்றம். இத்தனை பேருக்கும் திடீரென்று மன உறுதி போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா?

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். விஷயமே இங்கேதான்.

நம் மதியச் சாப்பாட்டின் அமைப்பைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். தட்டில் முதலில் சாதம், சாம்பார். அது முடிந்ததும் மறுபடி சாதம், ரசம். அப்புறம் இன்னொரு தடவை சாதம், மோர். ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், அது மூன்று சுற்றுக்கும் தொட்டுக்கொள்ள வேண்டும். அதாவது குழம்பு மாறுகிறதே தவிர உள்ளே போவது ஒரே பொருள். ஒருவர் மதியம் ஒரு ஆழாக்கு அரிசியின் சோறு சாப்பிடுகிறார் என்றால், ஏறக்குறைய 150 கிராம் அரிசி, 500 கலோரிக்கு மேல், குழம்பையும் எண்ணெயையும் சேர்க்காமலே. காலையில் இட்லி, ராத்திரி தோசை, அதுவும் பெரும்பங்கு அரிசி. இந்தியர்கள் தினசரிக் கலோரியில் சுமார் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சார்பில் நடந்த இண்டியாப் ஆய்வு 2025-ல் சொன்னது, சென்னை டாக்டர் மோகன் குழுவினர் நாடு முழுக்கச் செய்தது. நம் தட்டைப் பார்த்தால் அந்த எண்ணில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

உடனே எல்லோரும் செய்வது ராத்திரி சப்பாத்திக்கு மாறுவது. இது ஏன் இவ்வளவு பெரிய மருந்தாகிவிட்டது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஒரு சப்பாத்திக்கு முப்பது கிராம் மாவு, 100 கலோரி, மேலே தடவுகிற எண்ணெய் தனி. மூன்று சப்பாத்தியும் குருமாவும் மூன்று இட்லியும் சட்னியும் வைத்து ஒப்பிட்டால் அநேகமாக இட்லிதான் ஜெயிக்கும். சிறுதானியமும் அப்படியே. சாமையும் வரகும் தினையும் நல்ல தானியங்கள், நார்ச்சத்து அரிசியைவிட அதிகம், ஆனால் நூறு கிராமுக்குக் கலோரி அரிசிக்குப் பக்கத்தில்தான். வரகரிசி வெண்பொங்கலில் நெய் மிதந்தால் அது வெண்பொங்கல்தான். அதே இண்டியாப் ஆய்வும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோதுமையோ சிறுதானிய மாவோ வைப்பதால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்கிறது.

அளவைக் குறைக்க வேண்டும். அதைத் தட்டில் வைத்து முடிவு செய்வதைவிட அடுப்பில் ஏற்றும்போதே முடிவு செய்வது சுலபம். நான்கு பேர் வீட்டில் மூன்றரை ஆழாக்கு வைத்தால் மூன்றரையும் எப்படியோ காலியாகிவிடும், மீந்த கடைசிக் கரண்டி வீணாகப் போகக் கூடாதென்று வீட்டுப் பெண்மணியின் வயிற்றுக்குள் போகும். நம் ஊரில் நாற்பது வயதுக்கு மேல் பெண்களின் எடைக்கு இந்தக் கடைசிக் கரண்டிக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இரண்டு ஆழாக்கு மட்டும் வையுங்கள். மூன்று சுற்றில் ஒன்றைச் சாம்பாரோடு வைத்துக்கொண்டு, ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, மோரையும் குடித்துவிடலாம். பொரியலும் கூட்டும் இரண்டு மூன்று கரண்டி, அதுவும் சாதம் வருவதற்கு முன்னால் பாதி உள்ளே போகட்டும்.

இங்கே பலர் தவறவிடுகிற ஒரு சங்கதி இருக்கிறது. நம் சாப்பாட்டில் புரதத்துக்கே அரிசிதான் பெரிய ஆதாரம். நூறு கிராம் அரிசியில் ஏழெட்டு கிராம் புரதம் இருக்கிறது, நாம் சாப்பிடுகிற அளவுக்கு அது கணிசமாகச் சேர்ந்துவிடும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பீர்கள். நான்கு பேருக்கு நூறு கிராம் துவரம் பருப்பு போட்டால் ஒருவர் பங்குக்கு வருவது ஐந்து, ஐந்தரை கிராம் புரதம். ஹோட்டல் சாம்பாரென்றால் பருப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஐசிஎம்ஆர் பரிந்துரைக்கும் அளவு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், எழுபது கிலோ ஆளுக்கு 58 கிராம். சைவச் சாப்பாட்டில் இட்லி, சோறு, சாம்பார், தயிர், காபியில் பால், ராத்திரி தோசை எல்லாம் கூட்டினால் ஐம்பதைத் தொடுவதே கஷ்டம். இந்த நிலைமையில் சாதத்தைப் பாதியாக்கி அந்த இடத்தில் வேறொன்றும் வைக்காவிட்டால் கலோரியோடு புரதமும் இறங்குகிறது. நான்கு மணிக்கு வயிறு கத்தும், டீக்கடை வாசலில் வடை கூப்பிடும். அது மட்டுமில்லை, எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும், நம் ஆட்களிடம் ஏற்கெனவே தசை குறைவு.

ஆகவே எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். காலையில் இரண்டு முட்டை, அல்லது அந்த இட்லியோடு கெட்டியாக ஒரு கிண்ணம் பருப்பு. மதியம் மீன் குழம்பில் மீன் துண்டு இரண்டு, அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் வேகவைத்த பச்சைப் பயறோ வறுத்த கடலையோ. “கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு” என்று நம்மவர்கள் சொன்னதை வைத்துக் கொள்ளு ரசம் கொழுப்பைக் கரைக்கும் என்று நம்பிக் குடிக்கிறார்கள். கரைக்காது. ஆனால் கொள்ளில் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம், நார்ச்சத்தும் ஏராளம், சுண்டலாகச் சாப்பிட்டால் மூன்று மணி நேரம் பசி எட்டிப் பார்க்காது. வடிகட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொள்ளைக் குப்பையில் போட்டால் அந்தப் பலன் எங்கிருந்து வரும்? வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் இதே வகை. வெந்நீருக்கு ஒன்றும் ஆகாது, எலுமிச்சைக்கும் ஒன்றும் ஆகாது, ஒரு மேசைக் கரண்டித் தேன் 60 கலோரி.

டீயைத் தனியாகச் சொல்ல வேண்டும். நூறு மில்லி பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ ஏறக்குறைய 100 கலோரி. ஆபீசில் நாலு டீ குடிப்பவர் 400 கலோரியைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, ஏனென்றால் அவர் எதையும் சாப்பிடவில்லை. எடை குறைக்க ஒரே ஒரு காரியம்தான் செய்வேன் என்று அடம் பிடிப்பவரிடம் நான் சர்க்கரையைத்தான் நிறுத்தச் சொல்வேன். பத்து நாள் கசக்கும், அப்புறம் பழகிவிடும். எண்ணெய்க்கும் மாதக் கணக்குப் போட்டால் போதும். நான்கு பேர் வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் ஆகிறதென்றால் ஆளுக்குத் தினம் 38 கிராம், 340 கலோரி. ஐசிஎம்ஆரின் 2024 வழிகாட்டி 2,000 கலோரிச் சாப்பாட்டுக்குச் சொல்வது 27 கிராம். மூன்றரை லிட்டரில் மாதம் ஓடினால் கணக்கு சரியாகிவிடும். மளிகை லிஸ்ட்டில் ஒன்றரை லிட்டரைக் குறைத்து எழுதினால் நடக்கிற வேலை இது, யாரும் கலோரி ஆப்பைத் திறக்கத் தேவையில்லை.

மாவுச்சத்தை வெட்டும் பேலியோவா, கீட்டோவா, பல மணி நேரம் பட்டினி விட்டுச் சாப்பிடுவதா என்ற சண்டைக்குள் நான் ரொம்ப தூரம் போகப்போவதில்லை. தமிழ்நாட்டில் பேலியோவுக்கு மாறிப் பலர் நன்றாக இளைத்திருக்கிறார்கள், அரிசியும் சர்க்கரையும் பலகாரமும் ஒரே அடியாகப் போய்ப் புரதம் ஏறினால் இளைக்காமல் என்ன செய்யும். ஆனால் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை வைத்து ஒரு வருடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இறங்கினார்கள், புள்ளிவிவரப்படி அது ஒரு வித்தியாசமே இல்லை. இரண்டு பிரிவிலும் இருபது முப்பது கிலோ இறங்கியவர்களும் இருந்தார்கள், ஏறியவர்களும் இருந்தார்கள். எதை உங்கள் வீட்டுச் சமையலறையில் வருடக்கணக்கில் செய்ய முடியுமோ அதைப் பாருங்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கணவர் டயட்டில் இருக்கிறார் என்றால் முக்கால்வாசி வீட்டில் மனைவி இரண்டு சமையல் செய்கிறார் என்று அர்த்தம். அது எத்தனை மாதம் ஓடும்?

நடைக்கு வருவோம். எழுபது கிலோ உள்ள ஒருவர் ஒரு மணி நேரம் ஓரளவு வேகமாக நடந்தால் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட 170, 180 கலோரிதான் கூடுதலாகச் செலவாகும். நடைப் பாதை வாசலில் நிற்கும் வண்டியில் அருகம்புல் சாறு குடிப்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை. கூட்டமாக நடந்து முடித்துக் கூட்டமாக ஹோட்டலுக்குப் போய் ஒரு பொங்கல், ஒரு வடை, ஒரு காபி என்று உட்கார்ந்தால் நடந்ததைப் போல மூன்று மடங்கு உள்ளே போகும். உடம்பும் தன் பங்குக்கு ஏமாற்றும்; காலையில் நடந்தவர் பகலில் அதிகம் உட்காருகிறார், லிஃப்ட்டில் போகிறார், ‘நடந்தாச்சே’ என்று ஒரு தோசை சேர்த்துக்கொள்கிறார். ஹெர்மன் போன்ட்ஸர் என்ற மானுடவியலாளர் தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்ஸா மக்களின் கலோரிச் செலவை அளந்து 2012-ல் வெளியிட்டார். நாள் முழுக்க அலைகிற அவர்களும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அமெரிக்கர்களும், உடல் அளவை ஈடுகட்டிப் பார்த்தால், ஒரு நாளில் செலவழிப்பது ஏறக்குறைய ஒரே அளவு.

அப்படியானால் நடக்க வேண்டாமா? கட்டாயம் நடக்க வேண்டும், ஆனால் மெஷினுக்காக அல்ல. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே ரத்தச் சர்க்கரை ஏறுகிற வேகம் மட்டுப்படும். தூக்கம், ரத்த அழுத்தம், மூட்டு எல்லாவற்றுக்கும் நல்லது. பத்தாயிரம் அடி என்ற எண்ணிக்கையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, அது 1965-ல் ஒரு ஜப்பானியக் கம்பெனி அடி எண்ணும் கருவி விற்பதற்காக வைத்த பெயரிலிருந்து வந்தது. வயதான அமெரிக்கப் பெண்களை வைத்து ஐ-மின் லீ 2019-ல் வெளியிட்ட ஆய்வில் 4,400 அடியிலேயே இறப்பு ஆபத்து நன்றாகக் குறைந்திருந்தது, 7,500 அடிக்கு மேல் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை. மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைப் பாதை என்று 2023 நவம்பரில் அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ ஆரம்பித்தது நல்ல காரியம். ஆனால் பக்கத்துத் தெருவில் நாய்க்கும் பைக்குக்கும் பயப்படாமல் ஒரு பெண் ஆறு மணிக்கு நடக்க முடியுமா என்பது இன்னும் பெரிய கேள்வி. மொட்டை மாடி இருப்பவர்கள் பாக்கியவான்கள்.

நடையைவிட நம் ஆட்களுக்கு அதிகம் தேவைப்படுவது தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி, அதைத்தான் யாரும் செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, இரண்டு நாள் தசைப் பயிற்சியும் என்று சேர்த்தே சொல்கிறது. ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நம் தாத்தாக்கள் எடுத்த தண்டாலும் பஸ்கியும் அதுதான். முதல் நாளே தரையில் தண்டால் வராது. சுவரில் கை வைத்து ஆரம்பிக்கலாம், பிறகு சமையல் மேடை, பிறகு கட்டில் விளிம்பு, கடைசியாகத் தரை. பஸ்கிக்குப் பதில் நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுங்கள், அறுபது வயது அம்மாவும் செய்யலாம். இரண்டு குடம் தண்ணீரைத் தூக்கி மாடி ஏறுவதும் பயிற்சிதான். பாத்திரம் தேய்ப்பதும் துணி மடிப்பதும் களைப்பைத் தரும், தசையை வளர்க்காது, “வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே” என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. மூட்டு வலியால் எதுவும் செய்ய முடியவில்லை என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது.

உடற்பயிற்சியின் உண்மையான அருமை எடை குறைந்த பிறகுதான் தெரியும். எடை இறங்கும்போது, வருமானம் குறைந்த வீடு செலவைச் சுருக்கிக்கொள்வது போல, உடம்பும் தன் கலோரிச் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஏறுகின்றன. அமெரிக்காவில் ‘பிக்கஸ்ட் லூசர்’ என்ற டிவி போட்டியில் தலைகீழாக நின்று இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் குழுவினர் பரிசோதித்தார்கள். பெரும்பாலோர் இழந்த எடையில் நிறையவே திரும்ப ஏறியிருந்தார்கள், அப்போதும் அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழித்தது எதிர்பார்க்க வேண்டியதைவிடத் தினம் 500 கலோரி குறைவு. மறுபக்கம், பதின்மூன்று கிலோவுக்கு மேல் குறைத்து அதை ஒரு வருடமாவது தக்கவைத்தவர்களின் பதிவேடு ஒன்று 1994 முதல் அங்கே இருக்கிறது. அதில் இருப்பவர்களிடம் பொதுவாகக் காணப்படுவது தினமும் ஒரு மணி நேரம் அளவுக்கு உடற்பயிற்சி, பெரும்பாலும் நடை. ஆகவே முதல் ஆறு மாதம் சாப்பாட்டின் மேல் கண் வையுங்கள், அந்த ஆறு மாதத்துக்குள் உடற்பயிற்சியைப் பல் தேய்ப்பது மாதிரி பழக்கமாக்கி வைத்துவிடுங்கள், ஏனென்றால் அப்புறம் அதை நம்பித்தான் இருக்கப்போகிறீர்கள்.

2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற எடை குறைக்கும் ஊசி இந்தியாவுக்கு வந்ததிலிருந்து இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அந்த வகை ஊசிகள் வேலை செய்கின்றன, சிலருக்குத் தேவையும்கூட, மருத்துவர் சொன்னால் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதே வகையைச் சேர்ந்த செமாக்ளூடைட் ஊசியை நிறுத்தியவர்கள் ஒரு வருடத்துக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். ஊசியில் இருக்கும்போதும் பசி இல்லாமல் இரண்டு இட்லியோடு நாளை ஓட்டினால் தசைதான் கரையும்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 155 சென்டிமீட்டர் உயரத்தில் 72 கிலோ இருக்கிற பெண்மணிக்கு பிஎம்ஐ அட்டவணை 55 கிலோ என்று சொல்லும், பதினேழு கிலோ, பார்த்தவுடனே அலுத்துவிடும். ஐந்து கிலோவைக் குறிவைத்தால் போதும். அமெரிக்காவில் 2002-ல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான் இலக்கு, அதுவே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தது. 72 கிலோவில் 7 சதவீதம் என்பது ஐந்து கிலோதான். மாதம் ஒன்று, ஒன்றேகால் என்று போனால் நாலைந்து மாதம். ரொம்ப வேகமாக இறக்கினால் முடி கொட்டலாம், பித்தப்பையில் கல் வரவும் வாய்ப்பு கூடும்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். செலவு ஆகும் என்று தள்ளிப்போட வேண்டாம், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் உங்கள் பகுதிக்கு வரும்போது வீட்டு வாசலிலேயே பார்த்துச் சொல்வார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்கலாம். தைராய்டு சந்தேகம் இருந்தால் அதற்கும் ஒரு சோதனை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாதத்தைத் திடீரென்று குறைத்தால் லோ சுகர் ஆகிவிடலாம், கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டு பிறகு தட்டை மாற்றுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முட்டையையும் பருப்பையும் கூட்டுவதற்கு முன்னால் கேட்டாக வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ, இடது கை வலியோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்போ வந்தால் அன்றைக்கே ஈசிஜி எடுங்கள், வாயு என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள்.